ஒன்றாம் போர்ட்

“ஐடிஇங்கிறது கரிவலம் வழியா போற டவுன் பஸ்ஸுவே,” என்றார் சுந்தரராஜ்.

பரமசிவன் டீ கிளாஸை டீக்கடை பெஞ்சில் வைத்தார்.

சுந்தரராஜுக்கும் அவர் மனைவி ஞானசெல்விக்கும் கீழ ரத வீதியில் போட்டோ ஸ்டூடியோ. ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு வந்தாலும் இருபது வருடமாகப் பரமசிவன்தான் பார்ப்பார். கேமராவைத் தவிர வேறு எந்தக் கருவியைப் பற்றியும் சுந்தரராஜ் பேசி அவர் கேட்டதில்லை. அந்த வாயில் ஐடிஇ என்று பழைய டிஸ்க் இணைப்பின் பெயர் வந்ததே அவருக்குச் சரியாகப் படவில்லை.

“நாப்பது கம்பி ஒண்ணா சேந்து போகும். ஒண்ணுல வாரது பிந்துனா மிச்சம் முப்பத்தொம்பதும் காத்துக் கெடக்கணும். ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க்கு தொங்கும். ஒண்ணு பேசுனா இன்னொண்ணு வாயப் பொத்திக்கிடணும். பொறவு சாட்டா வந்துது. அது பாயிண்ட் டூ பாயிண்ட். இங்க ஏறுனா ராஜபாளையத்துலதான் எறக்கம். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி ரோடு. என்விஎம்இ இருக்குல்லா, அது நாலு வழிச் சாலை. நிறுத்தமே கெடயாது.”

“யாரு சொன்னா இதெல்லாம்?”

“ஆரிப் தம்பி. ஆல்பம் அட்டைக்குப் பின்னால படம் போட்டுல்லா காட்டுனான்.”

முகம்மது ஆரிப். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்டுக் கடை திறந்து நான்கு மாதம் ஆகிறது. ஆறு வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தவன். வயது முப்பத்தொன்று. கடையில் மேசையைச் சுவரோடு போடாமல் நடுவில் போட்டிருந்தான். கம்ப்யூட்டரைக் கழற்றும்போது வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். பரமசிவனின் மேசை சுவரைப் பார்த்தது. வந்தவர்கள் அவர் முதுகைத்தான் பார்ப்பார்கள். என்ன கோளாறு என்று கேட்டால், “போட்டுத் தாரேன்,” என்பார். அதற்கு மேல் சொன்னது கிடையாது. கேட்டவர்களும் கிடையாது.

அந்தப் பஸ் கணக்கு நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கூட்டுறவுச் சங்கத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்க்க அதே டவுன் பஸ்ஸில் எத்தனை தடவை போயிருக்கிறார். மடியில் ஐடிஇ டிஸ்க்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்று நின்று கிளம்பும்போது அது அடிபடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஒரு தடவைகூட அவருக்கு அந்த ஒப்புமை தோன்றவில்லை.

“உமக்கு எதுக்குவே இந்தக் கதையெல்லாம்?”

சுந்தரராஜ் கிளாஸில் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

“மிஷின் இழுக்கு, இழுக்குன்னு ஞானசெல்வி சொல்லிக்கிட்டே இருந்தா. ஒரு ஆல்பம் தொறக்க அஞ்சு நிமிஷம். நீரும் மச்சினன் வீட்டு விசேஷம்னு போயிட்டீரு. அந்தத் தம்பிதான் ஒரு எம்.டூ டிஸ்க்கு போட்டுத் தந்தான். சூயிங்கம் மாதிரி இத்துணூண்டு. இப்ப சுவிட்சத் தட்டுனா பன்னெண்டே செகண்டு.”

“நான் ஊர்ல இல்லாதது ரெண்டு நாளுவே.”

“ரெண்டு நாளுதான். இல்லங்கல.”

“ரெண்டு நாளு பொறுக்க முடியல உமக்கு.”

“கோவிச்சுக்கிடாதயும்வே. சீசன் நேரம்லா.”

பரமசிவன் கோபித்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு செகண்ட் என்று சொன்னபோது சுந்தரராஜின் முகம் எப்படி இருந்தது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் பத்து வருடத்துக்கு முன்னால் ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து அவர்தான் கட்டிக் கொடுத்தார். மதர்போர்டுக்காக மட்டும் இரண்டு முறை திருநெல்வேலி போய் வந்தார். அன்று சுந்தரராஜ், “நல்லா இருக்குவே,” என்று மட்டும் சொன்னார். முகம் இப்படி ஆகவில்லை.

வயிறு எரிந்தது. டீ ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் எழுந்தார்.

*

கடையநல்லூர், புளியங்குடிப் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள் சுந்தரராஜைத் தேடி வருவதற்குக் காரணம் அவருடைய கேமரா அல்ல. அவர் மனைவி ஞானசெல்வி. பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் போக முடியாது. அங்கே படம் எடுப்பது அவள். வந்து ஆல்பம் வடிவமைப்பதும் அவள்தான். படம் எடுக்கப் போவதற்கு முன்பே பெண் வீட்டாருக்கு ஒரு வாக்குக் கொடுப்பாள். பெண்கள் பக்கத்துப் படங்கள் தனி டிஸ்க்கில் இருக்கும். அதற்கு நகல் கிடையாது. மெமரி கார்டு அன்றே அழிக்கப்படும். ஆல்பம் வீட்டுக்குப் போன பிறகு, வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார, டிஸ்க்கிலிருந்தும் அழித்துவிடுவாள்.

அந்த டிஸ்க்கின் மேல் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள். சுந்தரராஜ்கூட அதைத் திறக்க மாட்டார். கம்ப்யூட்டர் ஸ்டூடியோவை விட்டு வெளியே போவதாக இருந்தால் முதலில் அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவாள். ஆரிப்பின் கடைக்குக் கம்ப்யூட்டர் போனபோதும் அப்படித்தான் செய்தாள். திரும்பி வந்ததும் பழைய இடத்திலேயே மாட்டினாள்.

அவளைத் தவிர அந்த டிஸ்க்கைத் தொட்ட ஒரே கை பரமசிவனுடையது. கேபிள் மாற்றியிருக்கிறார். இரண்டு தடவை பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். திரையில் பச்சைக் கோடு நகர்வதைத் தவிர அவர் எதையும் பார்த்தது இல்லை. ஞானசெல்வி பெண் வீட்டாரிடம் சொல்வாள்: “எங்க பரமசிவன் அண்ணாச்சி கை தொறக்காத கை.”

அவரிடம் வேறு சான்றிதழ் எதுவும் இல்லை. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தோடு விட்டவர்.

*

வெள்ளிக்கிழமை காலை ஞானசெல்வியிடமிருந்து போன்.

“அண்ணாச்சி, பொட்டு வச்ச டிஸ்க்கு காட்டல. கொஞ்சம் வாங்களேன்.”

பரமசிவன் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனார். வழியெல்லாம் பவானி கொலுசுக் கடை, மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றும் லாரி, எதையும் அவர் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆரிப்பைக் கூப்பிடவில்லை. தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

டிஸ்க்கில் இருந்தது கடையநல்லூர் நஸ்ரின் பானுவின் கல்யாணம். பெண் மாப்பிள்ளையோடு பஹ்ரைன் போய்விட்டாள். தாயார் ஆல்பத்துக்குக் காத்திருக்கிறார். மற்ற வேலைகளை முடித்துவிட்டு இன்றைக்குத்தான் ஞானசெல்வி அதைத் தொடங்க உட்கார்ந்திருக்கிறாள். திரையில் டிஸ்க் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

பரமசிவன் கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றினார். போர்டில் ஆரிப் போட்ட எம்.டூ பச்சையாகப் படுத்திருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி எடுத்துப் பார்த்தார். போர்டில் செருகும் முனையில் இரண்டு வெட்டு. ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு என்றால் அநேகமாகச் சாட்டா. மேலே ஒட்டியிருந்த தாளிலும் சாட்டா என்றுதான் இருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது.

பையன் பஸ் கணக்கைப் பாதியோடு விட்டிருக்கிறான். எம்.டூ என்பது சாலை அல்ல. பஸ் நிற்கும் இடம். அதில் நாலு வழிச் சாலை பஸ்ஸும் வந்து நிற்கலாம், சாட்டா பஸ்ஸும் நிற்கலாம். பழைய போர்டு என்விஎம்இ-யில் கிளம்புமோ கிளம்பாதோ என்று பயந்து ஆரிப் சாட்டாவைப் போட்டிருக்கிறான். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சாட்டாவை அங்கே நிறுத்தினால் அதற்கென்று புதிதாகச் சாலை முளைக்காது. போர்டில் ஏற்கெனவே இருக்கும் ஆறு சாலைகளில், அதாவது கேபிள் செருகும் ஆறு போர்ட்களில், ஒன்றை எடுத்துக்கொள்ளும்; பிறகு அதில் வேறு டிஸ்க் ஓடாது. இந்தப் போர்டில் அது ஒன்றாம் போர்ட். கையேட்டில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் அந்த வரியின் கீழ் பரமசிவன் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்.

பொட்டு வைத்த டிஸ்க் ஒன்றாம் போர்ட்டில் மாட்டியிருந்தது.

கேபிளைப் பிடுங்கி மூன்றாம் போர்ட்டில் செருக வேண்டும். அவ்வளவுதான் வேலை. எம்.டூவைத் திரும்ப மாட்டிவிட்டுக் கேபிளுக்குக் கையைக் கொண்டுபோனார்.

“ஆரிப்புக்கும் போன் போட்டிருக்கேம்வே,” என்றார் சுந்தரராஜ் பின்னாலிருந்து. “வந்துக்கிட்டே இருக்கான். அவனும் ஒரு பார்வை பாத்துரட்டும். என்னன்னு நமக்கும் வெளங்குற மாதிரி சொல்லுவாம்லா.”

கை நின்றது.

“டிஸ்க்கு போச்சுவே,” என்றார் பரமசிவன்.

“போச்சுன்னா?”

“உள்ள படிக்கிற ஹெட்டு அடிபட்டிருக்கு. அந்தக் குச்சியச் செருகுனதுல போர்டுல கரண்டு மாறி இதுல பாஞ்சிருக்கு. எடுத்துட்டுப் போயி பாக்கேன். மூணு நாளாவது ஆகும். வந்தா வரும், வராட்டா இல்ல.”

யோசித்து வைத்திருந்த பொய் அல்ல. ஆனால் யோசித்து வைத்தது போல வரிசையாக வந்தது. ஞானசெல்வி வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

வாசலில் பைக் நின்றது. ஆரிப் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறி வந்தான். திறந்து கிடந்த கம்ப்யூட்டரை அங்கிருந்தே பார்த்தான்.

“அண்ணாச்சி, அந்த டிஸ்க்கு எந்தப் போர்ட்ல இருந்திச்சு?”

பரமசிவன் திரும்பவில்லை. கேள்வி சரியான கேள்வி.

“நீ ஒண்ணும் பாக்க வேண்டாம் தம்பி,” என்றார் சுந்தரராஜ். “பாத்த வரைக்கும் போதும். போ.”

“அண்ணே, ஒரு நிமிஷம் கேபிள மட்டும்…”

“போன்னு சொல்லுதேம்லா! நாலு வழிச் சாலைன்னு சொல்லி எங்கள நடுத்தெருவுல விட்டுட்ட. போ.”

ஆரிப் ஒரு கணம் பரமசிவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இறங்கிப் போனான்.

ஞானசெல்வி டிஸ்க்கைத் தன் கைக்குட்டையில் சுற்றிப் பரமசிவனிடம் கொடுத்தாள். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் திறக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

*

கடைக்கு வந்து மாட்டிப் பார்த்தார். டிஸ்க் உடனே வந்தது. ஃபோல்டர்கள் பெயர் வரிசையில் நின்றன. நஸ்ரின் பானு என்ற பெயரைக் கண்டதும் திரையில் அதை மூடினார். கழற்றித் திரும்பவும் கைக்குட்டையில் சுற்றி மேசை மேல் வைத்தார்.

அன்று சாயந்திரம் சுந்தரராஜ் அவருடைய கடைக்கு வந்தார். நான்கு மாதத்தில் முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எப்படிவே இருக்கு?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“நான் கேக்கேன், அவனுக்கு ஷார்ஜாவுல என்ன வேலை? சும்மா பொட்டி தூக்கிருப்பான். இங்க வந்து இஞ்சினியரு.”

பரமசிவன் ஒரு ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். குறுக்கே பேசாவிட்டால் சுந்தரராஜ் இன்னும் சொல்வார் என்று தெரியும்.

“கண்ணாடிக் கதவாம், ஏசியாம். உள்ள போனா நமக்கே நாம பெரிய ஆளுன்னு தோணிருதுவே. அதுல மயங்கிட்டேன்.”

“ரோடெல்லாம் நல்ல ரோடுதாம்வே. வண்டி ஓட்டத் தெரியணும்லா,” என்றார் பரமசிவன்.

சுந்தரராஜ் சிரித்தார். அன்று முழுவதும் சிரிக்காத மனிதர், தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பரமசிவனுக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

மறுநாளும் சுந்தரராஜ் வந்தார். முந்தின நாளை விட அதிகமாகத் திட்டினார். ஞானசெல்வி சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது பரமசிவன் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். கைக்குட்டைப் பொட்டலம் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நீட்டிக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் கொடுத்துவிட்டால் நாளைச் சாயந்திரம் இந்த நாற்காலி காலியாக இருக்கும்.

“இன்னும் ஒரு நாளுவே,” என்றார்.

*

மூன்றாம் நாள் மத்தியானம் ஆரிப் வந்தான். கையில் போன். திரையை அவர் பக்கம் திருப்பி மேசையில் வைத்தான். போர்டின் கையேட்டுப் பக்கம்.

“எம்.டூ மாட்டுனப்போ பாத்த போர்டு பேரப் போட்டுத் தேடுனேன் அண்ணாச்சி. எம்.டூல சாட்டா போட்டா ஒண்ணாம் போர்ட்டு செத்துரும்னு போட்டிருக்கான். நான் பாக்காம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்.”

பரமசிவன் போனைப் பார்த்தார். அவர் கோடு போட்ட அதே வரி.

“டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆயிருக்காது. இல்லையா அண்ணாச்சி?”

“ஒனக்கு என்னலே வேணும்?”

“ஒண்ணும் வேண்டாம். நீங்க சரி பண்ணுனதாவே குடுத்துருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“எதுக்கு?”

ஆரிப் சற்று யோசித்தான். அந்த யோசனையும் பரமசிவனுக்குப் பிடிக்கவில்லை. பதில் இல்லாததால் அவன் யோசிக்கவில்லை. எப்படி நோகாமல் சொல்வது என்று யோசித்தான்.

“நீங்க கட்டுன மிஷினு. நான் ஒங்கள ஒரு வார்த்தை கேக்காம கை வச்சிட்டேன். எனக்கு எவனாச்சும் அப்படிப் பண்ணுனா எனக்கும்தான் எரியும். அதுல நாலு பொய் சொல்லத்தான் தோணும்.” போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். “படம் கெடச்சாப் போதும் அண்ணாச்சி. அந்த வீட்டு ஆளுவ எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சவங்க. சீக்கிரம் குடுத்துருங்க.”

போய்விட்டான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

பரமசிவன் கைக்குட்டைப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். ஊரைக் கூட்டுவேன் என்று மிரட்டியிருந்தால், நீ யார்ல என்று கேட்டிருக்கலாம். அவன் உள்ளே வந்து, எங்கே எரிகிறது என்று சரியாக விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். மனைவிக்குக்கூடத் தெரியாத இடம் அது. இதையும் அவன் நன்றாகத்தான் விளக்கினான்.

*

அன்று சாயந்திரம் பரமசிவன் டிஸ்க்கோடு போனபோது ஸ்டூடியோவில் ஞானசெல்வி மட்டும் இருந்தாள். சற்று நேரத்தில் சுந்தரராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கடையநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறார் என்றாள் அவள்.

“மனசு கேக்கலவே,” என்றார் சுந்தரராஜ். “நாமளே போயி சொல்லிருவோம்னு போனேன். மைதீன் பாட்சா, பொண்ணோட வாப்பா, ஒண்ணும் ஏசல. ஏசியிருந்தாத் தேவல. ‘வீட்டுப் பொம்பளையளுக்கு நான் எப்படிச் சொல்லுவேன், நீங்களே சொல்லிட்டுப் போங்க’ன்னுட்டாரு. திரைக்கு இந்தப் பக்கமா நின்னு சொன்னேன். படம் போச்சும்மா, மன்னிச்சுக்கிடுங்கன்னு. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல. யாரு இருக்கா, யாரு இல்லன்னே தெரியல. கும்பிட்டுட்டு வந்துட்டேன்.”

பரமசிவன் கம்ப்யூட்டரின் கதவைக் கழற்றினார். டிஸ்க்கை மாட்டினார். கேபிளை மூன்றாம் போர்ட்டில் செருகினார். முதுகை அவர்கள் பக்கம் திருப்பியே செய்தார். சுவிட்சைத் தட்டினார்.

பன்னிரண்டு செகண்ட். டிஸ்க் வந்தது.

ஞானசெல்வி அவரைத் தள்ளாத குறையாக வந்து உட்கார்ந்தாள். இரண்டு ஆண்களும் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மவுஸ் சத்தம் கேட்டது. பிறகு அழுகை.

“இருக்கு. எல்லாமே இருக்கு. ஏசப்பா.”

சுந்தரராஜ் பரமசிவனைக் கட்டிப் பிடித்தார். வெள்ளைச் சட்டையில் வேர்வை வாடை அடித்தது.

“நீரு மனுசன்வே. ஒம்ம விட்டுட்டு எவன் பின்னாலயோ போனேன் பாரும்.” போனை எடுத்தார். “இரும். அவன் காதுலயும் போட்டு வைக்கேன். தெரியட்டும்.”

“வேண்டாம்வே.”

“நீரு சும்மா இரும்.”

ஸ்பீக்கரில் போட்டார். ஆரிப் எடுத்தான்.

“லேய், நீ கெடுத்தத எங்க பரமசிவன் எடுத்துக் குடுத்துட்டாரு. கேட்டியா? மூணு நாளு சோறு தண்ணி இல்லாம உக்காந்து எடுத்திருக்காரு.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றான் ஆரிப். “நல்லதுண்ணே. நான் பண்ணுனது தப்புதான். அண்ணாச்சி இல்லன்னா நான் அந்த வீட்டுல தல காட்ட முடியாது. அவங்க கை வேலை நமக்கெல்லாம் வராது.”

சிறிதும் பிசிறில்லாமல் சொன்னான். சுந்தரராஜின் முகம் இளகியது. திட்டுவதற்கு வைத்திருந்த மிச்சத்தை அவர் விட்டுவிட்டார் என்பது தெரிந்தது.

“சரி, சரி. சின்ன வயசு. பாத்துச் செய்யி இனிமே,” என்றார்.

பரமசிவன் அந்தப் போனையே பார்த்தார். இனி எத்தனை வருடம் ஆனாலும், இந்த ஊரில் எந்தத் தெருவில் எதிரே வந்தாலும், அவன் அண்ணாச்சி என்று கும்பிடுவான். அந்தக் கும்பிடுக்குள் இது இருக்கும். அவன் கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் தன் பேர் ஓட வேண்டும்.

“டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல,” என்றார்.

“என்ன?”

“டிஸ்க்கு மொதல்லயே நல்லாத்தான் இருந்துது. கேபிள் இடம் மாறணும். அவ்வளவுதான். அன்னைக்கே எனக்குத் தெரியும். அவன் போட்டதுல ஒரு போர்ட்டு செத்துது, அது அவன் தப்பு. மிச்சமெல்லாம் நான் சொன்ன பொய்.”

நல்லவனாக வேண்டும் என்று அவர் அதைச் சொல்லவில்லை. அவன் பிடியிலிருந்து தன் பேரைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். பிடுங்கியாயிற்று என்று ஒரு கணம் நெஞ்சு லேசாகக்கூட இருந்தது.

சுந்தரராஜ் போனைப் பிடித்தபடி நின்றார். கோபம் வர நேரமாயிற்று. வந்தபோதும் அது கோபமாக வரவில்லை.

“நான் திரைக்கு முன்னால போயி நின்னேனேவே,” என்றார்.



ஞானசெல்வி நாற்காலியைத் திருப்பினாள். அழுத முகம் காய்ந்திருந்தது. திரையில் இருந்ததை மூடிவிட்டுத்தான் திரும்பினாள்.

“மூணு நாளு ஒங்ககிட்ட இருந்துதே அண்ணாச்சி. தொறந்து பாத்தீங்களா?”

இருபது வருடத்தில் அவள் கேட்காத கேள்வி.

“இல்லம்மா.”

“நல்லா இருந்த டிஸ்க்கு. ஒங்க மேசையில.”

“பேரு வந்துது. உடனே மூடிட்டேன். சத்தியமா தொறக்கல.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் சொன்னது அவளிடம் போய்ச் சேரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. நாளைக்கு எந்தப் பெண் வீட்டாரிடமும் ‘தொறக்காத கை’ என்ற அந்தச் சொல்லை அவள் சொல்ல முடியாது. சொன்னாலும் அவளுக்கே நம்பிக்கை இருக்காது. அது பரமசிவனுக்குத் தெரிந்தது.

“அக்கா,” என்றது போன். சுந்தரராஜ் அதை அணைக்க மறந்திருந்தார். “அக்கா, நான் சொல்லுதேன். அண்ணாச்சி எரிச்சல்ல பொய் சொல்லுவாங்க. அதத் தொறக்க மாட்டாங்க. அவங்க கடைக்கு நான் வந்தப்போ டிஸ்க்கு துணியில சுத்தின மேனிக்குத்தான் கெடந்துது. நான் பாத்தேன்.”

ஞானசெல்வி போனைப் பார்த்தாள். மெல்ல மூச்சு விட்டாள். தோள் தளர்ந்தது.

“அப்படியா தம்பி,” என்றாள். “சரி.”

பரமசிவனும் அதைத்தான் சொன்னார். சத்தியம் போட்டுச் சொன்னார். அவள் சரி என்றது போனைப் பார்த்து.

அவர் குனிந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கம்ப்யூட்டரின் கதவு இன்னும் திறந்து கிடந்தது. அதை மூடலாமா என்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல் நின்றார்.